வெளிச்சத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்

1

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் கதவு மணியை அடித்தார். கையில் ஆப்பிள் கேக், முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் களை. வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். நலம்தான் என்றேன். "இல்லை, காலையிலிருந்து எல்லாத் திரையும் மூடியே இருக்கிறது. அதுதான்…" என்று இழுத்தார்.

அன்றுதான் அந்த வருடத்தின் முதல் வெயில். வட ஜெர்மனியில் முதல் வெயில் என்றால் ஊரே புல்தரைக்கு வந்துவிடும். தபால்காரரும் வங்கி மேலாளரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடப்பார்கள். நானோ வெயில் ஏறுவதற்குள் எழுந்துபோய்த் திரைகளை இழுத்துவிட்டிருந்தேன். யோசித்துச் செய்த காரியமில்லை. மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் சுள்ளென்று அடித்தால் கை தானாக ஜன்னல் பக்கம் போகும்.

யாரும் சாகவில்லை என்று சொல்லி, கேக்கை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பினேன். உள்ளேயிருந்து என் மகள் ஜெனி ஜெர்மனில் கத்தினாள்: "அம்மா, ஒரு நாளாவது மற்ற மனிதர்கள் மாதிரி இருக்கலாமா?" அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். தமிழ் புரியும், ஆனால் அது வாய்க்கு வர மறுக்கும் பருவம்.

நாங்கள் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த வாரம் அது. வந்த நாளிலிருந்து வெளிச்சத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாத ஆளில்லை. வெயில் படாவிட்டால் எலும்பு தேயும், மனசு சோரும் என்பார்கள். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். இந்த வருடம் அந்தப் பாடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் முட்டிக்கொண்டது.

2

ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒளி பட்டால் இறுகும் பாலிமர்கள்தான் எங்கள் துறை. பல் டாக்டர் ஓட்டைப் பல்லில் பசை மாதிரி ஒன்றை அடைத்து நீல விளக்கைக் காட்டுவாரே, சில நொடியில் கல்லாகிவிடுமே, அந்தக் குடும்பத்துச் சரக்கு. திரவமாக இருக்கும்போது அதை ரெசின் என்போம். புதிது புதிதாக ரெசின் கலப்பதும், எந்த வெளிச்சத்தில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆழம் இறுகுகிறது என்று அளப்பதும் எங்கள் வேலை.

இதற்கு விளக்குகள் வேண்டும், அளக்கும் கருவிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நாம் காட்டுகிற வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் அறைக்குள் வராமல் இருக்க வேண்டும். வந்தால், நாம் விளக்கைப் போடும் முன்பே ரெசின் பாதி வெந்துவிடும். அப்புறம் அளந்து என்ன பிரயோஜனம்? மஞ்சள் வெளிச்சம் மட்டும் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் உலகத்தில் இந்த வேலை நடக்கும் அறைகள் எல்லாம் மஞ்சளாக இருக்கும்.

இதை நான் ஜெர்மனியில் கற்கவில்லை. அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில், மேற்குப் பார்த்த அறையில் கற்றேன். அறையைக் கொடுத்தபோது கொள்முதல் கமிட்டி பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றை வாங்கி, ஜன்னலுக்கு எதிரே நிறுத்தியது. மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வந்த ரெசினை, பழுப்பு பாட்டிலில் அளவு தெரியவில்லை என்று ஸ்டோர்ஸ்காரர்கள் வெள்ளை பாட்டிலுக்கு மாற்றி, அந்த அலமாரியில் அடுக்கினார்கள். வாரக் கடைசியில் எல்லாம் பாட்டிலோடு கல். ஏசி போட்டிருக்க வேண்டும் என்று கமிட்டி குறிப்பெழுதிக் கைகழுவிவிட்டது.

என்னோடு ஆராய்ச்சி செய்தவள் வசந்தி. அடையாற்றங்கரைக் குடிசைப்பகுதியில் பிறந்தவள். அவள் பிஎச்.டி. பாதியில் இருக்கும்போது அந்த வீடுகளை இடித்து எல்லாரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள், மந்தைவெளியிலிருந்து வரும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். அன்று கல்லான பாட்டிலை மேசைமேல் டொக்டொக்கென்று தட்டிப் பார்த்தாள். "இன்னா மாகி, கமிட்டி நமக்கு பேப்பர் வெயிட் குடுத்துக்கீது" என்றாள். மார்கரெட் என்ற என் பெயர் அவள் வாயில் மாகிதான்.

சாயங்காலமே இருவரும் பாண்டி பஜார் போனோம். கொலுவுக்கும் நாடக மேடைக்கும் அலங்காரம் செய்ய மஞ்சள் ஜெலட்டின் தாள் விற்பார்களே, அதைச் சுருட்டி வாங்கி வந்தோம். வாங்கியதை அப்படியே ஒட்டிவிடவில்லை. ஒரு துண்டை வெட்டி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தோம். நீலம் கசிந்தது. மடித்து வைத்தோம், கசிவு நின்றது. ஜன்னலுக்கும் டியூப்லைட்டுக்கும் இரண்டடுக்காகச் சுற்றினோம். அறை மொத்தமும் மஞ்சள். பக்கத்துத் துறைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "ஆடி மாசம் முடிஞ்சிடுச்சே, கூழ் ஊத்தி ஆச்சா?" என்று கேட்பார்கள். தூசிக்காகச் செருப்பை வெளியே விடச் சொன்ன பிறகு கேலி இன்னும் பலமானது.

இன்னொன்றும் செய்தோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் ரெசினின் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். நைட்ரஜன் அடித்து ஆக்சிஜனை விரட்ட வேண்டும். சிலிண்டர் வராத வாரங்களில், வகுப்பில் பாடம் நடத்த வாங்கிய ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை ரெசின் மேல் படிய வைத்து மூடி வேலையை முடித்தோம். பழைய பாதரச விளக்கு வேறு, ஒரு முறை அணைந்தால் சூடு ஆறும்வரை மறுபடி எரியாது. மே மாதத்தில் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால் எங்கள் மதியம் போச்சு. அப்படிப்பட்ட அறையிலிருந்துதான் இரண்டு பேர் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தோம்.

இதையெல்லாம் இங்கே சொன்னால், "அடடா, என்ன கற்பனைத் திறன்!" என்பார்கள். கைவினைப் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் பேசுகிற குரல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கற்பனையாவது ஒன்றாவது! அளந்து செய்தோம்.

3

இத்தனை வருடமும் எங்கள் ஆய்வுக்கூடம் பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னலே கிடையாது. குழாய்கள் தலையில் இடிக்கும், மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். ஆனால் வேலைக்கு அதைவிடத் தோதான இடம் வேண்டாம். அதை மூடிவிட்டுப் புதிய ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு மாறச் சொன்னார்கள்.

புதிய கூடத்தை முதலில் பார்த்தபோது நான் அசந்துபோனது உண்மை. குழாயைத் திருகினால் சுவரிலிருந்து நைட்ரஜன். வேண்டிய நிறத்துக்கு ஒன்றாக எல்.இ.டி. விளக்குகள். இறுகுவதை நொடிக்கு நொடி காட்டும் கருவி, அதிராத மேசைகள். வசந்தி பார்த்தால் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அப்புறம் தலையை நிமிர்த்தினேன். மூன்று பக்கமும் கண்ணாடி. கூரையிலும் ஒரு கண்ணாடி.

திரைகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு சுவிட்ச் கிடையாது. கட்டடத்துக்கென்று ஒரு கணினி இருக்கிறது. நேர் வெயில் அடித்தால் அது திரையை இறக்கும், மேகம் வந்தால் ஏற்றிவிடும். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏற்றிவிடும். மனிதர்களுக்கு வெளிச்சம் குறையக் கூடாதாம்.

கட்டடப் பிரிவின் அதிகாரி லிண்ட்னர். கெட்டவர் இல்லை. சைக்கிளில் வருவார், சொன்ன நேரத்துக்கு வருவார், குரலை உயர்த்த மாட்டார். "திருமதி அருள்தாஸ்" என்று என் கணவர் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டபோது, குடும்பத்துக்கென்று எங்களுக்குத் தனிப் பெயர் கிடையாது என்று விளக்கி மாளாமல், அவர் பெயரை எழுதித் தொலைத்ததன் பலன்.

"கண்ணாடியில் மஞ்சள் படலம் ஒட்ட வேண்டும், திரையின் மோட்டாரை நிறுத்த வேண்டும்" என்றேன்.

"முடியாது. மனிதர் வேலை செய்யும் அறைக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். விதி."

"மனிதருக்கு வேண்டும். ரெசினுக்கு வேண்டாமே?"

"ரெசினுக்கு விதி எதுவும் இல்லை, திருமதி அருள்தாஸ்."

இதைத் திட்டம் போடும்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். எழுதியே கொடுத்தேன். இருட்டறைக் கோரிக்கை பணியாளர் நலனுக்கு எதிரானது என்று நலக் குழு நிராகரித்துவிட்டது. என் நலனுக்காக என் கோரிக்கையை நிராகரித்தார்கள். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது, ஏற்புப் படிவம் கையில் வரும்வரை. இந்த அறை இந்த ஆராய்ச்சிக்குத் தகுதியானது எனப் பொறுப்பாளர் உறுதியளிக்கிறார் என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், பக்கத்தில் கோடு.

எங்களிடம் லேனா என்று ஒரு மாணவி இருக்கிறாள். கடைசி வருடம். அவளுடைய கடைசி வரிசை மாதிரிகளை இந்த அறையில்தான் செய்தாக வேண்டும். மேக நாளில் ஒரு முடிவு, வெயில் நாளில் இன்னொன்று என்று வந்தால், நான் கையெழுத்துப் போட்ட பிறகு அறை மேல் பழி சொல்ல முடியாது. பிழை லேனாவுடையது ஆகிவிடும். மூன்று வருட உழைப்பு.

எங்கள் பேராசிரியர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். "போட்டுவிடுங்கள் மார்கரெட், பிறகு சரிசெய்துகொள்ளலாம். டிசம்பரில் உங்கள் ஒப்பந்தம் வேறு என் மேசைக்கு வருகிறது." அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஐம்பதை நெருங்கும் என்னை இன்னொரு ஆய்வுக்கூடம் எடுக்காது. விடுமுறை முடிந்து வந்து சொல்கிறேன் என்று நழுவினேன். விடுமுறையின் நடுவிலேயே காணொளிக் கூட்டம் என்று தேதி குறித்துவிட்டார்கள்.

4

ஆகஸ்ட். மந்தைவெளியில் என் அண்ணன் சேவியரின் ஃபிளாட். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி கட்டியவர்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் சாந்தோம் பங்குக் கோயிலின் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பு என்று வீட்டிலேயே தங்குவதில்லை.

கூட்டத்தைப் பற்றி ஜெனியிடம் சொன்னேன். அவள் லிண்ட்னர் கட்சி. "வெளிச்சம் வேண்டாம் என்று சண்டை போடும் ஒரே ஆள் நீதான். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். சுருக்கென்றது. பிள்ளை தூரம் போகிறாள் என்று எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. என்னைப் பார்த்து வெட்கப்படும் தூரத்துக்குப் போய்விட்டாள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆட்டோ பிடித்து அவளை அடையாறுக்கு இழுத்துப் போனேன். அதே கல்லூரி, அதே அறை. இன்று வசந்தி அங்கே பேராசிரியை, கூடத்துக்குத் தலைவி. ஜெலட்டின் தாள் போய் முறையான படலம் வந்திருந்தது. புது விளக்கு, யூ.பி.எஸ்., மூலையில் நைட்ரஜன் சிலிண்டர்கள். செருப்பு மட்டும் இன்னமும் வாசலில்தான்.

உள்ளே போன ஜெனி தன் நீல ஜீன்ஸைக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்தது. நீலம் எங்கே போனது என்று கேட்டாள்.

"உள்ளயே உடலம்மா. நீலம் வந்தா எங்க சரக்கு காலி" என்றாள் வசந்தி. "உங்கம்மா இங்க இன்னா ரவுடித்தனம் பண்ணிக்கினு இருந்தா தெரியுமா? டீன் டார்ச் லைட் எடுத்துக்கினு உள்ள வந்தாரு. கையில இருந்து புடுங்கி வெளிய வெச்சுட்டா."

"டீன் என்ன சொன்னார்?" ஜெனி கேட்டாள். அப்போதும் ஜெர்மனில்தான், நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னா சொல்வாரு? தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாரு."

நான் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வசந்தி முழுவதும் கேட்டாள். "ஒன்றரை மணிக்கா? நம்ம மொட்ட மாடில வெச்சுக்கோ. நான் சரக்கு எடுத்துக்கினு வரேன். காதுல ஏறாத ஆளுக்குக் கண்ணுல காட்டு."

5

மறுநாள் வசந்தி எவர்சில்வர் டிபன் டப்பாவோடு மாடி ஏறி வந்தாள். உள்ளே கறுப்புத் தாள் சுற்றிய சின்ன பாட்டில். தண்ணீர்த் தொட்டி நிழலில், துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ஜெனி போனைப் பிடித்துக்கொண்டாள், வேண்டாவெறுப்பாக. திரையில் லிண்ட்னரும் பேராசிரியரும். அவர்களுக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி அறை, பளபளவென்று.

இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ரெசினை மெல்லியதாகத் தடவி, மேலே ஷீட் போட்டு மூடினேன். ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றினேன், இன்னொன்றைத் திறந்தபடி வெயிலில் வைத்தேன். வைத்த கையோடு வெயில் போய்விட்டது. கடல் பக்கமிருந்து வந்த மேகம் ஒன்று மந்தைவெளி மொத்தத்தையும் மூடிக்கொண்டு நின்றது.

லிண்ட்னர் மரியாதையாகக் காத்திருந்தார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "நாசமாப் போற மேகம், இப்பதானா வரணும்!" என்று தமிழில் திட்டினேன். வெயில் வந்த பிறகு தொடரலாமா என்று பேராசிரியர் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் ஜெனி.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒரு கேள்வி, திரு லிண்ட்னர். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே மாதிரித் திரைதான். மேகம் வந்தால்தானே அது ஏறும்?"

"ஆமாம்."

"அப்படியானால் மேகத்திலேயே பார்ப்போம்."

பார்த்தோம். பறக்கும் ரயில் ஒன்று போனது, இன்னொன்று வந்தது. மேகம் அசையவில்லை. நான் ஷீட்டை உரித்துத் திறந்து வைத்த துண்டை நகத்தால் சுரண்டினேன். கரகரவென்றது. கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. சுற்றி வைத்ததைப் பிரித்துச் சாய்த்தேன். எண்ணெய் மாதிரி வழிந்தது.

லிண்ட்னர் தொண்டையைச் செருமினார். "சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் மேகத்தை உங்கள் மேகத்தோடு ஒப்பிட முடியாது. அதோடு, திருமதி அருள்தாஸ், வெளிச்சத்தின் அருமை வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சில சமயம் புரிவதில்லை."

அங்கே எனக்கு ஜெர்மன் தீர்ந்துபோனது. வாயைத் திறந்தால் மந்தைவெளிதான் வந்தது.

"யோவ், வெளிச்சம்னா இன்னான்னு எனக்கு நீ சொல்லித் தராத. இருவது வருஷமா அதோடதான் மல்லுக்கட்டிக்கினு கீறேன். உங்க ஊர்ல சூரியன் விருந்தாளி, வந்தா பாய் விரிக்கிறீங்க. எங்க ஊர்ல அவன் ஊட்டு ஆளு. அவன் இன்னா பண்ணுவான், எப்ப பண்ணுவான்னு எங்களுக்குத்தான் தெரியும். உங்க ஊர்ல மெதுவா வேகும், அவ்ளோதான். வேகாம இருக்காது. அந்தப் பொண்ணோட மூணு வருஷத்த உன் ஜன்னலுக்கு நேந்து உட முடியாது. போட மாட்டேன்யா கையெழுத்து."

வசந்தி விசில் அடித்தாள். திரையில் இருவரும் ஜெனியைப் பார்த்தார்கள். "உங்கள் அம்மா என்ன சொன்னார்?" என்று லிண்ட்னர் கேட்டார்.

இவள் இப்போது என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அம்மா களைப்பாக இருக்கிறார், யோசித்துச் சொல்கிறாராம் என்பாள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் டாக்டர் முன்னாலும் என் பேச்சைத் தட்டி நிமிர்த்தி, மழுமழுவென்று ஆக்கித் தருவது அவள் வழக்கம்.

ஜெனி ஒரு மூச்சு இழுத்துவிட்டு மொழிபெயர்த்தாள். சூரியன், விருந்தாளி, பாய், வீட்டு ஆள், லேனாவின் மூன்று வருடம், எதையும் விடவில்லை. கடைசியில் கையெழுத்து கிடையாது என்பதை இரண்டு முறை சொன்னாள்.

லிண்ட்னர் கேட்டார்: "இப்படியேவா சொன்னார்?"

"இல்லை. மரியாதையை நான் சேர்த்தேன்" என்றாள் ஜெனி.

பேராசிரியர் குறுக்கே வந்தார். "மார்கரெட், கொஞ்சம் யோசியுங்கள். படிவமும் உங்கள் ஒப்பந்தமும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன."

"அப்படியானால் இரண்டும் கையெழுத்தில்லாமலே இருக்கட்டும்." இதை மட்டும் நானே ஜெர்மனில் சொன்னேன். தடுமாறாமல் வந்தது.

கூட்டம் முடிந்தது. வசந்தி பாட்டிலை மூடி டப்பாவுக்குள் வைத்தாள். ஜெனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேல போய்டுமாம்மா?" தமிழில் கேட்டாள்.

"போனாலும் போகும்."

"போனா போவட்டும்."

வசந்தி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "பார்ரா, புள்ள மெட்ராஸ் பாஷ பேசுது!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறைக்கவில்லை, அழுதேன்.

6

நான் சொன்னது சரி என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆனால் என் கையெழுத்தில்லாமல் அறையைத் திறக்கவும் வழியில்லை. பயனாளரின் தனிப்பட்ட தேவைக்கேற்ற மாற்றம் என்று கோப்பில் எழுதிக்கொண்டு, இலையுதிர் காலத்தில் ஆட்கள் வந்து கண்ணாடிகளுக்கு மஞ்சள் படலம் ஒட்டினார்கள். திரை மோட்டார்களின் ஒயரைப் பிடுங்கினார்கள். படலத்தை அளந்து பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். என் ஒப்பந்தத்தை ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார்கள். நிரந்தரமாகும் என்று பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். லேனாவின் மாதிரிகள் வெயில் நாளிலும் மேக நாளிலும் ஒரே முடிவு காட்டுகின்றன.

விதி இன்னும் தோற்கவில்லை. பகல் வெளிச்சம் இல்லாததால் இது மனிதர் பணியிடம் ஆகாது, யாரும் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்று லிண்ட்னர் கதவில் அறிவிப்பு ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். லேனா தன் மேசையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள், நான் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். காலையில் உள்ளே போனால் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருகிறோம். வந்து எழுப்பட்டும், பார்க்கலாம்.